பாஸ்கமின் தண்ணீர்

பாலிகஞ்சில் லாஹிரி மாஷிமாவின் வீட்டு மூன்றாம் மாடியில் லெமுவேல் பாஸ்கமின் குவார்டெட்டை வாசிக்கத் தொடங்கினால் ஹூக்ளி ஆறு அறைக்குள் ஏறியது. முதல் சில வரிகளிலேயே மொசைக் தரை கலங்கலாக நனையும். முதல் பகுதி பாதியை எட்டும்போது தண்ணீர் கணுக்காலுக்கு வரும், அந்தப் பகுதி முடியும்போது முழங்காலுக்கு. ஆற்றுத் தண்ணீர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பழுப்பாக, லேசாக உப்புக் கரித்தது. ஓரத்தில் ஆகாயத்தாமரை மிதந்தது. ஆறு ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி ஓடுகிறது, இதுவோ மூன்றாம் மாடி என்பதையெல்லாம் முதல் நாளே பேசி முடித்துவிட்டார்கள். ஒரு மணி நேர மழைக்குக் கட்டில் கால்களைச் செங்கல் மேல் தூக்கி வைக்கிற ஊரில் தண்ணீர் வருவது ஒரு செய்தியே இல்லை. வயோலா வாசித்த சாய்பிரியாவை உறுத்தியது வேறு. வந்த தண்ணீர் போகவில்லை. கதவைத் திறந்தால் வாசற்படியில் கண்ணாடிச் சுவர்போல நிமிர்ந்து நின்றது; படிக்கட்டில் ஒரு சொட்டு இறங்கவில்லை. வாசிப்பதை நிறுத்தினால் அதே அளவில் அப்படியே நின்றது. கொல்கத்தாவில் எவ்வளவு பெரிய வெள்ளமும் மறுநாளோ அதற்கு மறுநாளோ எங்கேயாவது போய்த் தொலையும். இது ஏன் போகவில்லை என்பது அவளுக்குப் புரியவில்லை.

புரியாத ஒன்றை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போகிறவள் அல்ல அவள். நியூ டவுனில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவளுக்கு டெஸ்டர் வேலை. அடுத்தவர் எழுதிய நிரல் எங்கே உடையும் என்று தேடிக் கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் சம்பளம். திருச்சியில் பள்ளிக்கூட நாட்களில் கர்நாடக வயலின் கற்றாள். கல்லூரியில் வயோலாவைக் கையில் எடுத்தாள், கீழே வைக்கவில்லை. வயோலா வயலினைவிடச் சற்றுப் பெரியது, குரல் கொஞ்சம் கனமானது. குவார்டெட் என்றால் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. அதில் வயோலா நடுவில் உட்கார்ந்து மற்ற மூன்று பேரையும் ஒட்டவைக்கும் வேலையைச் செய்யும். அது இருப்பதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. இல்லாவிட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சாய்பிரியாவுக்கு அந்த இடம் பிடித்திருந்தது.

குவார்டெட்டைக் கூட்டியவள் எஸி அம்பொன்ஸா. லண்டனில் பிறந்த கானா நாட்டுப் பெண். செல்லோ வாசிப்பவள். பாலிகஞ்ச் இசைப் பள்ளி ஒன்றில் ஓராண்டு சொல்லிக் கொடுக்க வந்திருந்தாள். வந்த புதிதில் வீடு கிடைக்காமல் அலைந்தாள். போனில் சரி என்றவர்கள் நேரில் பார்த்ததும் அண்ணன் வருகிறான், தம்பி வருகிறான், வீடு இப்போது காலி இல்லை என்றார்கள். அக்கம்பக்கத்துக்கெல்லாம் மாஷிமா, அதாவது பெரியம்மா, ஆன லாஹிரி மாஷிமா மட்டும் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மீன் சாப்பிடுவியா?" என்று கேட்டாள். சாப்பிடுவேன் என்றதும் சாவியைக் கொடுத்துவிட்டாள். இதை எஸி சிரித்துக்கொண்டே சொல்வாள். சின்ன வயதில் செல்லோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போட்டிகளுக்குப் போனால், தாள வாத்தியப் பிரிவு அடுத்த கட்டிடத்தில் என்று வழி காட்டுவார்களாம். ஒரு இசைக்குழு ஆள் எடுத்தபோது, யார் வாசிக்கிறார்கள் என்று தெரியாதபடி திரை கட்டிக் கேட்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து எஸி தேறினாள். திரையை விலக்கியதும் அறையில் ஒரு சின்ன மௌனம். "அந்த மௌனத்துக்கு என்ன சுருதின்னு இன்னிக்குக் கேட்டாலும் வாசிச்சுக் காட்டுவேன்" என்பாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

பாஸ்கமின் குவார்டெட்டைப் பல வருடமாகப் பெட்டிக்குள் சுமந்துகொண்டிருந்தாள். பாஸ்கம் பார்படோஸ் தீவுக்காரர், கறுப்பர். லண்டனில் ஓர் இசைக் கல்லூரியில் படித்து, இசை எழுதுவதற்கான பரிசும் வாங்கினார். பரிசு கொடுத்தவர்கள் நாற்காலி கொடுக்கவில்லை. எந்த இசைக்குழுவிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அதனால் சரக்குக் கப்பலில் பரிசாரகராகச் சேர்ந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அந்தக் கப்பல் பழுதாகிக் கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு மழைக்காலமும் ஒரு குளிர்காலமும் கிடந்தது. வேலை இல்லாத பகல்களில் மனிதர் மதகு மேடையில் உட்கார்ந்து கப்பல்கள் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பார்த்துக்கொண்டே இந்த இசையை எழுதினார். மாலுமிகளுக்கான விடுதிக் கூடத்தில் இரண்டு கோவாக்காரர்களும் ஓர் ஆங்கிலோ இந்திய ரயில்வே கார்டும் அவரோடு சேர்ந்து ஒரே ஒரு முறை வாசித்தார்கள். அப்புறம் கப்பல் கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் அதை முழுதாக வாசித்ததில்லை. முதல் பக்கத்தின் மேலே ஒரு வரி சமர்ப்பணம் இருந்தது: கிடர்பூரில் என்னை உள்ளே விட்டவர்களுக்கு. எஸிக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. எழுதப்பட்ட ஊரில், கடைசி சுவரம் வரைக்கும், ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். குளிர்காலம் முடிந்தால் அவள் ஒப்பந்தமும் முடிந்துவிடும்.

முதல் ஒத்திகை ஒரு ஞாயிறு காலை. முதல் வயலின் அனிந்த்யதா, அதே பள்ளியில் ஆசிரியர், முப்பது வருட அனுபவம். இரண்டாம் வயலின் சுப்ரியாதி, வங்கி மேலாளர், குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பியானோ. முதல் பகுதி முடிந்து வில்லை இறக்கியபோது நான்கு பேரும் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்கள். சுப்ரியாதியின் நாற்காலிக்கடியில் ஏதோ பளபளவென்று திரும்பியது. அனிந்த்யதா வயலினைக் கவனமாக ஸ்டாண்டின் மேல் வைத்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்தார். நல்ல கொழுத்த இலீஷ் மீன்.

"கங்கை இலீஷ்" என்றார் அனிந்த்யதா, பெயர் சூட்டுகிற குரலில். "வாலைப் பாருங்க. கோலாகாட்ல பிடிக்கிற மீனுக்கு இந்த வால் கிடையாது."

"முதல்ல செல்லோவைப் பாருங்க" என்றாள் சாய்பிரியா.

செல்லோவைத் தரையில் ஒரு கம்பி முனையில் ஊன்றித்தான் வாசிக்க வேண்டும். நான்கில் அதுதான் தண்ணீருக்குப் பக்கம். இந்த வாத்தியங்களை ஆணி அடித்துச் செய்வதில்லை. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசையால் ஒட்டுகிறார்கள். பழுது பார்க்கும்போது பிரிக்க வசதியாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே அந்தப் பசை. ஈரமும் சூடும் பட்டால் விட்டுவிடும். முதல் பகுதி முடியும்போதே செல்லோவின் அடிவிளிம்பு நனைந்திருந்தது. இரண்டாம் பகுதியையும் வாசித்தால் செல்லோ பலகை பலகையாகப் பிரிந்து மிதக்கும். ஆகவே பாஸ்கமின் குவார்டெட் முதல் பகுதியோடு நின்றது. மீதி மூன்று பகுதிகள் காகிதத்தில் இருந்தன.

லாஹிரி மாஷிமாவுக்குத் தன் உத்தரங்களைப் பற்றித்தான் கவலை. கீழ்மாடிக் கூரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை என்றாலும், அறை முழுக்க முழங்கால் தண்ணீர் என்பது இரண்டு லாரி மணல் எடை. கணக்கைச் சொன்னது சாய்பிரியாதான். சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகு நினைத்தாள். மாஷிமா பம்ப் வைத்து இறைக்கச் சொன்னாள். சாய்பிரியாவின் கணவன் சிவராஜ் எங்கிருந்தோ ஒரு டீசல் பம்ப் கொண்டுவந்தான். இறைத்து முடிக்க அரைநாள் ஆனது. குழாய் வழியாகத் தெருவில் விழுந்த தண்ணீர் மற்றத் தண்ணீரைப்போலவே சாக்கடைக்குள் போனது. அன்று மாலை கடுகு அரைத்து வைத்த இலீஷ் குழம்பு மேலே வந்தது. மாஷிமா வாசலில் நின்றாள். "வாரா வாரம் மீன் வருமா?" என்று எஸியிடம் கேட்டாள். உறுதி சொல்ல முடியாது என்றாள் எஸி. "அப்போ உத்தரம் தாங்கற வரைக்கும் வாசிங்க" என்று சொல்லிவிட்டு மாஷிமா இறங்கிப் போனாள்.

கச்சேரி ஜனவரியில், பள்ளியின் அரங்கில். அங்கே நூற்றுச் சொச்சம் பேர் உட்காருவார்கள். அவர்களை முழங்கால் தண்ணீரில் உட்காரவைக்க முடியாது என்பதில் அனிந்த்யதா தெளிவாக இருந்தார்.

"போரோதின் வரைக்கும் பார்ப்போம்" என்றார். கிறிஸ்துமஸை வங்காளிகள் அப்படித்தான் சொல்வார்கள். "அதுக்குள்ள காயலைன்னா பாஸ்கமுக்குப் பதிலா எல்லாருக்கும் தெரிஞ்ச வியன்னாக்காரர் ஒருத்தர் எழுதினது இன்னொண்ணு வெச்சுடலாம். என்ன எஸி, சரிதானே? நம்ம கையில இல்லாத விஷயம்."

"சரிதான்" என்றாள் எஸி. இந்தத் தடவை சிரிக்கவில்லை. பழக்கப்பட்ட ஒரு பாரத்தை மறுபடி தோளில் ஏற்றிக்கொள்கிறவள்போல ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்தச் சாய்வு சாய்பிரியாவின் மனதில் தங்கிவிட்டது. கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தாள்.

தவறு எங்கே என்று தெரியாதபோது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றக் கூடாது. மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அந்தக் கார்த்திகை முழுக்க அவள் அதைத்தான் செய்தாள். ஜன்னலைத் திறந்துவைத்து வாசித்தார்கள், தண்ணீர் ஏறியது. மெதுவாக வாசித்தார்கள், மெதுவாக ஏறியது. சுருதியை இறக்கினார்கள், தண்ணீர் கொஞ்சம் அதிகச் சேற்றோடு வந்தது. தனித்தனியாக வாசித்தால் வரவில்லை. மூன்று பேர் வாசித்தாலும் வரவில்லை. நான்காவது ஆள் சேர்ந்ததும் வந்தது. வியன்னாக்காரர்களை வாசித்தபோது தரை எலும்புபோல் காய்ந்து கிடந்தது. நியூ டவுனில் அவள் குடியிருந்த பதினெட்டாம் மாடியில் வாசித்துப் பார்த்தார்கள், அங்கேயும் ஏறியது. லிஃப்ட்டில் ஆற்று வாசனை அடிக்கிறது, யார் நாய் வளர்க்கிறீர்கள் என்று குடியிருப்பு வாட்ஸாப்பில் இரண்டு நாள் சண்டை நடந்தது. ஏற்றம், வற்றம், பௌர்ணமி, அமாவாசை எதற்கும் அந்தத் தண்ணீர் கட்டுப்படவில்லை.

"டெஸ்டர் மேடம், இன்னிக்கு எதை மாத்தப்போறீங்க? என் மூக்கையா?" என்று அனிந்த்யதா ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார். ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மீன் கூடை ஒன்றையும் எடுத்துக்கொண்டு தவறாமல் வந்தார். சாய்பிரியா அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள். முட்டிவரை சேறு பூசிக்கொண்டு வீட்டுக்குப் போன சுப்ரியாதிக்கும் சொன்னாள்.

போரோதினுக்கு முந்தைய வாரம், பம்பைத் திருப்பிக் கொடுக்க சிவராஜ் கிடர்பூருக்குக் கிளம்பினான். அவன் தூத்துக்குடிக்காரன், துறைமுகத்தில் மதகுப் பிரிவில் இளநிலைப் பொறியாளர். நீயும் வா, பாஸ்கம் உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டுகிறேன் என்றான். பாஸ் வாங்கி அவளை மதகு மேடைக்குக் கூட்டிப்போனான். லாரிகளும் கைவண்டிகளும் நெரிந்த தெருவைத் தாண்டி உள்ளே போனதும் ஒரு பெரிய அமைதி இருந்தது. கீழே நீண்ட கல் தொட்டி, இரண்டு முனையிலும் இரும்புக் கதவு. வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம் ஆறு. உள்கதவுக்கு இந்தப் பக்கம் கப்பல்கள் நிற்கும் குளம். ஆறு ஏறும், இறங்கும். குளம் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கப்பல்கள் தரை தட்டிவிடும். ஆகவே நடுவில் இந்தத் தொட்டி. ஆற்றிலிருந்து ஒரு சரக்குப் படகு தொட்டிக்குள் வந்து நின்றது. வெளிக்கதவை மூடினார்கள். தண்ணீர் ஏறத் தொடங்கியது. மேலிருந்து கொட்டவில்லை, அலை இல்லை. அடியிலிருந்து, கொதிக்கும் முன் பால் புரள்வதுபோலச் சத்தமில்லாமல் புரண்டு ஏறியது.

"இப்படித்தாங்க!" என்று சாய்பிரியா கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "எங்க தண்ணியும் இப்படித்தான் வருது. அடியிலேருந்து!"

"அதுக்கு ஏன் புள்ள கத்துத? கூட்டம் கூடிரும்." சிவராஜ் சிரித்தான். "அடியில சுரங்கம் இருக்கு. வால்வத் திறந்தா குளத்துத் தண்ணி உள்ள வரும். ரெண்டு பக்கமும் ஒரே மட்டம் ஆனாத்தான் கதவு திறக்கும். ஒரு சாண் வித்தியாசம் இருந்தாக்கூட யானையக் கட்டி இழுத்தாலும் அசையாது."

படகு உயர்ந்து உயர்ந்து அவர்கள் கண் மட்டத்துக்கு வந்தது. உள்கதவு திறந்தது. படகு குளத்துக்குள் போயிற்று. தொட்டி விளிம்புவரை நிறைந்து கிடந்தது. படகில் நின்ற ஓர் ஆள் மதகு மேடையில் இருந்தவர்களைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினான். மேடையில் இருந்தவர்களும் தூக்கினார்கள். தினமும் செய்வது என்று பார்த்தாலே தெரிந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"எங்க அவ்வளவுதான்? தொட்டி நெறஞ்சு கெடக்குல்லா. அடுத்த படகு ஆத்துல காத்துக் கெடக்கு. இவ்வளவையும் எறக்கினாத்தான அவன் உள்ள வருவான்?" அவன் மேடையில் இருந்த ஆளுக்குச் சைகை காட்டினான். அந்த ஆள் சற்று முன் செய்த அதே வேலையை அதே வரிசையில் மறுபடி செய்தான்: கதவை மூடினான், விளக்கைப் பார்த்தான், சக்கரத்தைத் திருப்பினான். "பாரு. அதே மாதிரிச் சக்கரம், அதே சுத்து. மொதல் தடவ சுத்தினா நெறையும். ரெண்டாந் தடவ சுத்தினா எறங்கும். ஒரு தடவ மட்டும் சுத்திட்டு வீட்டுக்குப் போனா அது மதகு இல்ல, தண்ணித் தொட்டி."

சாய்பிரியா கம்பிமேல் சாய்ந்து குனிந்து பார்த்தாள். கீழே தண்ணீர் ஒவ்வொரு கல்லாக இறங்கிக்கொண்டிருந்தது. அதே வேலை, இரண்டு தடவை. அவள் வாசித்த பாகத்தில், முதல் பகுதியின் நடுவில், ஓர் இரட்டைக் கோடும் அதை ஒட்டி இரண்டு புள்ளிகளும் இருந்தன. மேலை இசையில் அதற்கு ஒரே பொருள்தான்: ஆரம்பத்துக்குப் போய் இதுவரை வாசித்ததை மறுபடி வாசி. அவர்கள் ஒரு தடவைகூட அதைச் செய்ததில்லை. முதல் ஒத்திகைக்கு வில்லைத் தூக்குவதற்கு முன்பே, அது வேண்டாம் என்று பேசி முடிவு செய்துவிட்டார்கள். நிகழ்ச்சி நீளம், திரும்ப வாசிப்பதை விட்டால் கொஞ்சம் நேரம் மிச்சம். குவார்டெட்டுகள் வழக்கமாகச் செய்வதுதான், யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஜன்னலை மாற்றினாள், சுருதியை மாற்றினாள், வீட்டையே மாற்றினாள். எல்லோரும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. வேலையில் அவள் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே, அப்படிப்பட்டதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று.

ஞாயிறு வந்ததும் சொன்னாள். அனிந்த்யதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரிப்பீட்டா? ஆரே பாபா, அது ஒரு சம்பிரதாயம்மா. தெரியாத ஆளோட இசை, ஜனங்க ஒரு தடவை பொறுமையா கேட்டாலே பெரிசு. ரெண்டு தடவை யார் உட்காருவா?"

"வியன்னாக்காரருக்கு?" என்று சுப்ரியாதி மெல்லக் கேட்டாள்.

அனிந்த்யதா துடைப்பதை நிறுத்தினார். அதே நிகழ்ச்சியில் வியன்னாக்காரரின் குவார்டெட்டும் இருந்தது. அதில் எல்லாத் திரும்பல்களையும் வாசிப்பதாக ஏற்பாடு. அவருக்குத் திருப்பி வாசிக்கலாமா வேண்டாமா என்று யாரும் யாரையும் கேட்டிருக்கவில்லை. அறையில் ஒரு மௌனம் விழுந்தது. அதன் சுருதி என்ன என்று அவர்களில் ஒருத்திக்குத் தெரியும். அவள்தான் அதைக் கலைத்தாள்.

"அனிந்த்யதாவைச் சொல்லாதீங்க. முதல் நாள் அவர் வெட்டலாம்னு சொன்னப்போ நானும் சரின்னுதான் தலையாட்டினேன்" என்றாள் எஸி. "முப்பது வயசு வரைக்கும் எனக்குக் கத்துக்கொடுத்த யாரும் என்னை மாதிரி ஒருத்தர் எழுதினதை என் முன்னால வைக்கலை. அப்புறம் நானே தேடிப் பிடிச்சேன். தேடினதை எங்கயாவது நுழைக்கணும்னா சின்னதாக்கணும்னு கத்துக்கிட்டேன். பத்து நிமிஷம் கேட்டா எட்டு நிமிஷத்துல முடிச்சுக் காட்டுவேன். இடத்தை அடைக்காம இருந்தா உள்ளே விடுவாங்கன்னு. இவர் எழுதினதையும் அப்படித்தான் குறைச்சேன்." செல்லோவின் கழுத்தைத் தடவினாள். "இவருக்கு அந்தப் பழக்கம் இல்லை போல."

அனிந்த்யதா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தன் காகிதத்தில் பென்சிலால் அடித்து வைத்திருந்த கோட்டை ரப்பரால் அழித்தார். மற்ற மூன்று பேரின் காகிதத்தையும் கை நீட்டி வாங்கி அழித்தார். துகளை ஊதித் தள்ளினார். "வாசிங்க" என்றார்.

தண்ணீர் வழக்கம்போல வந்தது. தரை நனைந்தது, ஆகாயத்தாமரை ஓரத்தில் மிதந்தது, இரட்டைக் கோட்டை எட்டியபோது கணுக்கால்வரை குளிர்ந்தது. நான்கு பேரும் பக்கத்தைப் பின்னால் புரட்டினார்கள், முதல் வரிக்குப் போனார்கள். அதே சுவரங்கள்தான். ஆனால் முதல் தடவை அறிமுகமாகக் கேட்டது இரண்டாம் தடவை தெரிந்தவர் குரலாகக் கேட்டது. முதல் சுற்றில் சாய்பிரியாவுக்குப் பிடிபடாமல் நழுவிய ஒரு நடுக்குரல் வரி இப்போது கைக்குள் உட்கார்ந்தது. அப்போதுதான் பாதத்தின் மேல்பக்கம் காற்றுப் பட்டது. அவள் குனிந்து பார்க்கவில்லை. வயோலா வாசிக்கும்போது குனியக் கூடாது. இரட்டைக் கோட்டை இரண்டாம் முறை தாண்டியபோது தரையில் மெல்லிய வண்டல் படலம் மட்டும் இருந்தது, அதில் அவர்கள் நாற்காலிக் கால்களின் அடையாளம். அவர்கள் நிறுத்தவில்லை, தண்ணீரும் மறுபடி ஏறவில்லை. முதல் பகுதி முடிந்தது, இரண்டாம் பகுதிக்குள் போனார்கள். மூன்றாம் பகுதியில் எஸிக்கு ஒரு நீண்ட தனி வரி இருந்தது. அதை அவள் இதுவரை காகிதத்தில் மட்டுமே படித்திருந்தாள். நான்காம் பகுதியின் கடைசி சுவரத்தை நான்கு பேரும் சேர்ந்து பிடித்து, தேய்ந்து மறையும்வரை விட்டார்கள். கதவுக்கு வெளியே லாஹிரி மாஷிமா காலிக் கூடையோடு நின்றிருந்தாள்.

"இன்னிக்கு மீன் இல்லையா?"

"இல்லை மாஷிமா" என்றாள் எஸி. கன்னம் நனைந்திருந்தது. அதுவும் லேசாக உப்புக் கரித்தது. அது ஆற்றுத் தண்ணீர் அல்ல.

"சரி, போகுது. முடிவு நல்லா இருந்தது" என்று மாஷிமா தீர்ப்புச் சொன்னாள்.

ஜனவரியில் கச்சேரி நடந்தது. செருப்பையும் சால்வை நுனியையும் மடியில் வைத்துக்கொள்ளும்படி வந்தவர்களை வாசலிலேயே கேட்டுக்கொண்டார்கள். கொல்கத்தாக்காரர்கள் காரணம் கேட்கவில்லை. பைகளை எடுத்து மடியில் வைத்தார்கள், புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார்கள். தண்ணீர் முதல் வரிசையில் தொடங்கிக் கடைசி வரிசைவரை கணுக்காலளவு ஏறியது. நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு வக்கீலின் காலை ஏதோ உரசிப் போனது. அவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் இலீஷ் என்று கிசுகிசுத்தார். பக்கத்து இருக்கைக்காரர் விரலை உதட்டில் வைத்தார். திரும்ப வாசிக்கும்போது யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைத்தான் பார்த்தார்கள். தண்ணீர் இறங்கியது. கைதட்டலுக்கு எஸி எழுந்து நின்றபோது, குனிந்து வணங்கும் முன், மதகு ஆட்களுக்குப் படகுக்காரன் காட்டுவதுபோல ஒரு கையைத் தூக்கினாள். சாய்பிரியாதான் அதை அவளிடம் சொல்லியிருந்தாள். கடைசி வரிசையில் சிவராஜோடு வந்து உட்கார்ந்திருந்த கிடர்பூர் ஆட்கள் நான்கைந்து பேரும் தூக்கினார்கள்.

குளிர்காலம் முடிந்து எஸி போய்விட்டாள். போகும் நாளில் மாஷிமா அவளுக்கு காசுந்தி என்கிற கடுகு விழுது ஒரு ஜாடி கட்டிக் கொடுத்தாள். மூன்றாம் மாடியை அதற்குப் பிறகும் வாடகைக்குக் கேட்டு வந்தவர்களிடம் முதல் கேள்வி மீனைப் பற்றியதாகவே இருந்தது. இப்போது எஸி பாஸ்கமின் குவார்டெட்டை வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஆட்களோடு வாசிக்கிறாள். எல்லா இடத்திலும் தண்ணீர் வருகிறதாம். லண்டனில் அது தேம்ஸ் ஆறாக இருக்கும் என்று நினைத்தார்களாம். ஆகாயத்தாமரை மிதந்ததால் இல்லை என்று தெரிந்துகொண்டார்களாம். புதிதாக வாசிக்க எடுப்பவர்கள், தரை நனைந்ததும் பதறிப்போய் எஸிக்கு எழுதுகிறார்கள். எஸி அவர்களைச் சாய்பிரியாவிடம் அனுப்புகிறாள். சாய்பிரியா எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் எழுதுகிறாள். இரட்டைக் கோட்டை ஒட்டி இரண்டு புள்ளிகள் வரும் இடத்தில், முதல் வரிக்குத் திரும்பிப் போய், ஒன்றையும் விடாமல் மறுபடி வாசியுங்கள். தண்ணீர் இறங்கிவிடும்.